போருக்குப் போட்ட பாதை, உயிர் காக்கும் பாதையானது!
புனே லோகேகாவ் விமானப்படைத் தளத்தின் கதை

காலை வேளையில் பாணேர் குன்றின் மேல் நடைப்பயிற்சிக்கு ஏறுகிறவர்களில் தமிழர்களும் உண்டு. கீழே ஒரு பக்கம் அடுக்குமாடிக் கட்டிடங்கள். மறுபக்கம் மும்பை–பெங்களூர் நெடுஞ்சாலை. திடீரென்று வானத்தில் இடி இடித்தது போல ஒரு சத்தம் கேட்கும். மேகம் இருக்காது. மழையும் இருக்காது. புதிதாக ஊருக்கு வந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். பழகியவர்கள் தலையைத் தூக்காமலே, "சுகோய் போகிறது" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்வார்கள்.

அந்தச் சத்தம் புறப்படும் இடம் நகரின் வடகிழக்கு மூலையில் உள்ள லோகேகாவ். அங்கேதான் இந்திய விமானப்படையின் தளம் இருக்கிறது. சென்னைக்கோ, கோவைக்கோ விமானத்தில் போய் வந்தவர்களுக்கு அது "புனே ஏர்போர்ட்". விமானப்படையினருக்கு அது போர்த்தளம். வெள்ளத்திலும் புயலிலும் தவித்தவர்களுக்கு அது வேறொன்று. உதவி கிளம்பி வந்த வாசல் அது.

ஒரே ஓடுபாதை எப்படி இத்தனை வேலை செய்கிறது? அதைத் தெரிந்து கொள்வது, அந்தச் சத்தத்தின் கீழே வாழ்கிறவர்களுக்கு நல்லது.

வீட்டுக்காரர் யார்?

பயணிகள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. புனே விமான நிலையத்தின் ஓடுபாதை, விமான நிலைய ஆணையத்துக்குச் சொந்தமானது அல்ல. அது விமானப்படைக்குச் சொந்தம். பயணிகள் அமரும் கூடமும், டிக்கெட் பார்க்கும் இடமும், பெட்டி எடுக்கும் இடமும்தான் ஆணையத்தின் பொறுப்பு. புதிய பயணிகள் கூடம் 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் திறந்து வைக்கப்பட்டு, ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. கூடம் புதிது. ஓடுபாதை அதே பழைய பாதைதான்.

அதாவது, பயணி விமானங்கள் அங்கே குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர் விமானப்படை. போர் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் பயணி விமானம் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். சன்னல் ஓரம் உட்கார்ந்து, "ஏன் இன்னும் கிளம்பவில்லை?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தவர்கள் பலர்.

ஓடுபாதையின் நீளம் 2,535 மீட்டர். இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பெரிய நகரங்களின் விமான நிலையங்களோடு ஒப்பிட்டால் இது குட்டையானது. ஆனால் இந்த இரண்டரை கிலோமீட்டர் செய்திருக்கும் வேலை சிறியதல்ல.

பம்பாய்க்குக் காவல்

1939-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வருடம். பம்பாய் துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் வான்வழிக் காவல் வேண்டும் என்று வெள்ளைக்கார அரசு நினைத்தது. மலைக்கு இந்தப் பக்கம், மேட்டு நிலத்தில் இருக்கும் பூனா அதற்கு ஏற்ற இடமாகத் தெரிந்தது. லோகேகாவ் கிராமத்தின் அருகே தளம் எழும்பியது.

சுதந்திரத்துக்குப் பிறகு அது இந்திய விமானப்படையின் கைக்கு வந்தது. காலத்துக்குத் தகுந்தாற்போல் விமானங்கள் மாறின. 1997-ம் ஆண்டு ரஷியாவின் சுகோய்–30 விமானங்கள் முதன் முதலில் படையில் சேர்க்கப்பட்டது இந்தத் தளத்தில்தான். 2002-ம் ஆண்டு செப்டம்பரில் சுகோய்–30 எம்.கே.ஐ. ரகமும் இங்கேயே சேர்க்கப்பட்டது.

புனேத் தமிழர்களுக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவும் பழையதுதான். காம்ப், கிர்க்கி, தேகு ரோடு ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ராணுவத் தளவாடத் தொழிற்சாலை, ராணுவக் கணக்கு அலுவலகம் என்று அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், அவர்கள் பிள்ளைகளும் நகரமெங்கும் இருக்கிறார்கள். மென்பொருள் கம்பெனிகள் வந்த பிறகு பாணேர், ஔந்த், பாலேவாடிப் பக்கம் குடியேறிய தமிழர்கள் அடுத்த தலைமுறை.

ராமேசுவரத்துக்காரர் பறந்த நாள்

லோகேகாவ் தளத்தில் தமிழர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டிய நாள் ஒன்று உண்டு. 2006-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி.

அன்று ஜனாதிபதி அப்துல் கலாம், விமானியின் உடையணிந்து, தலைக்கவசம் மாட்டிக் கொண்டு, சுகோய்–30 விமானத்தின் பின் இருக்கையில் ஏறி அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 74. போர் விமானத்தில் பறந்த முதல் இந்திய ஜனாதிபதி அவரே.

அந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஏமாற்றம் இருந்தது. இளைஞராக இருந்தபோது அவர் விமானப்படை விமானி வேலைக்குத் தேர்வு எழுதினார். 25 பேரில் அவருக்கு ஒன்பதாவது இடம். காலியாக இருந்த இடங்களோ எட்டு. ஒரே ஒரு இடத்தில் தவறிய அந்த ஆசை, அரை நூற்றாண்டு கழித்து லோகேகாவ் ஓடுபாதையில் நிறைவேறியது.

2009-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி ஜனாதிபதி பிரதிபா பாட்டீலும் இதே தளத்திலிருந்து சுகோயில் பறந்தார்.

இவை பத்திரிகைகளில் படத்தோடு வந்த செய்திகள். தளத்தின் இன்னொரு வேலை அவ்வளவாகப் படத்தில் வருவதில்லை. அது மழை நாட்களில் நடக்கும் வேலை.

சாலை மூழ்கினால்?

பாணேர் ஓரமாக ஓடும் அதே மும்பை–பெங்களூர் நெடுஞ்சாலையை நாமக்கல், சேலம் லாரிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். சாத்தாரா, கராடு, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி வழியாக ஊர் போய்ச் சேரும் பாதை அது.

2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோலாப்பூர், சாங்கிலி மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தது. பஞ்சகங்கை ஆறு கரை மீறி ஓடியது. கோலாப்பூரை அடுத்த சிரோலி அருகே நெடுஞ்சாலையின் மேல் வெள்ளம் ஏறியது. பல நாட்கள் போக்குவரத்து நின்றது. ஆயிரக்கணக்கான லாரிகள் வரிசை கட்டி நின்றன. காய்கறி அழுகியது. டிரைவர்களும் கிளீனர்களும் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, தண்ணீர் எப்போது வடியும் என்று காத்துக் கிடந்தார்கள்.

லாரி காத்திருக்கலாம். கூரை மேல் ஏறி நிற்கும் குடும்பம் காத்திருக்க முடியாது.

பேரிடர் நேரத்தில் முதலில் அறுபடுவது சாலை. பாலம் மூழ்கும், மலைப்பாதையில் மண் சரியும். அடுத்தது ரயில். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனால் ரயில் நகராது. பிறகு மின்சாரமும் தொலைபேசியும். எல்லாம் அறுந்த பிறகு வெளியூரிலிருந்து ஆளும் படகும் வந்து சேர மிஞ்சியிருக்கும் வழி வானம் ஒன்றுதான். ஆனால் வானத்தில் வருகிற விமானத்துக்குத் தரையில் ஓர் இடம் வேண்டும். அது நனைந்தாலும் உறுதியாக நிற்க வேண்டும். எரிபொருள் வேண்டும். விளக்கு வேண்டும். இரவிலும் விழித்திருக்கும் ஆட்கள் வேண்டும்.

இவை அத்தனையும் ஆண்டு முழுவதும் தயாராக இருக்கும் இடம், ராணுவ விமானத்தளம். போர் என்றைக்கு வரும் என்று தெரியாததால், அது தினமும் தயாராக இருக்கிறது. அந்தத் தயார் நிலை வெள்ளத்துக்கும் புயலுக்கும் பயன்படுகிறது.

2021-ம் ஆண்டு ஜூலையில் அது மீண்டும் தெரிந்தது. கொங்கணத்தில் சிப்ளூன், மகாடு நகரங்கள் மூழ்கின. கோலாப்பூர் நெடுஞ்சாலை மறுபடியும் துண்டிக்கப்பட்டது. அந்நாட்களில் விமானப்படை தனது பெரிய சரக்கு விமானங்களில், ஒரிசாவின் புவனேசுவரம் முதலிய இடங்களிலிருந்து 400 மீட்புப் படையினரையும் 40 டன் சாமான்களையும் ஏற்றிக் கொண்டு வந்தது. அவர்கள் புனே, கோலாப்பூர், ரத்தினகிரி, கோவா ஆகிய இடங்களில் இறக்கப்பட்டார்கள். புனேயில் ஹெலிகாப்டர்கள் தயார் நிலையில் நிறுத்தப்பட்டிருந்தன.

கிழக்குக் கடற்கரையில் காலை உணவு சாப்பிட்டவர்கள், அதே நாளில் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்துக்கு வந்து சேர முடியும். ரயிலில் வந்திருந்தால் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும், தண்டவாளம் இருந்தால்!

சுதும்பரே முகாம்

புனேயின் மற்றொரு பலம், தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 5-வது பட்டாலியன். 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு இந்தப் படை அமைக்கப்பட்டது. 5-வது பட்டாலியனின் முகாம், புனேக்கு வடமேற்கே தளேகாவ் பக்கத்தில் சுதும்பரேயில் இருக்கிறது.

ஒரு குழு என்றால் சுமார் 45 பேர். காற்றடைக்கும் ரப்பர் படகு, அதற்கு மோட்டார், உயிர் காக்கும் சட்டை, கயிறு, கான்கிரீட்டையும் கம்பியையும் வெட்டும் கருவி, இடிபாட்டுக்குள் மனிதக் குரலைத் தேடும் கருவி, முதல் உதவி மருந்து, நாலைந்து நாளைக்கு வேண்டிய சாப்பாடு எல்லாம் அவர்களோடு போகும். யாருக்கும் பாரமாக இல்லாமல் தாங்களே சமாளித்துக் கொள்ள வேண்டும் என்பது விதி.

பக்கத்து மாவட்டம் என்றால் லாரியிலேயே போய்விடுவார்கள். தூரம் என்றால் லோகேகாவ் நோக்கி வண்டிகள் திரும்பும்.

2021-ம் ஆண்டு மே மாதம் "டவ்தே" புயல் அரபிக்கடலில் உருவாகிக் குஜராத்தை நோக்கி நகர்ந்தது. புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே இரண்டு விமானங்கள் லோகேகாவிலிருந்து 110 பேரையும் 15 டன் சாமான்களையும் ஆமதாபாத்தில் கொண்டு போய் இறக்கின. புயல் வந்த பிறகு ஓடுவது ஒரு வகை. வருவதற்கு முன் போய் நிற்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குத்தான் ஓடுபாதை தேவை.

எந்த விமானம் என்ன சுமக்கும்?

லோகேகாவ் அடிப்படையில் போர் விமானத் தளம். சரக்கு விமானங்களுக்கு அது தாய் வீடு அல்ல. அவை வேறு தளங்களிலிருந்து வந்து, ஏற்றிக் கொண்டு போகும்.

எல்லாவற்றிலும் பெரியது சி–17. நான்கு ஜெட் எஞ்சின்கள். 70 டன்னுக்கு மேல் சுமக்கும். வால் பக்கம் கதவு தரையில் சாய்ந்து இறங்கும். லாரி அப்படியே உள்ளே ஏறிவிடலாம். இதன் வீடு டெல்லி அருகே உள்ள ஹிண்டன் தளம்.

அடுத்தது சி–130. நான்கு விசிறிகள். சுமார் 20 டன் சுமக்கும். சரியாகச் செப்பனிடப்படாத சிறு ஓடுபாதையிலும் இறங்கக் கூடியது.

மூன்றாவது ஏ.என்–32. இரண்டு விசிறிகள். ஆறேழு டன் சுமக்கும். 1980-களிலிருந்து இந்திய விமானப்படையில் உழைத்து வரும் பழைய குதிரை.

கடைசியாக எம்.ஐ–17 ஹெலிகாப்டர். நான்கு டன் வரை சுமக்கும். ஓடுபாதை இல்லாத இடத்திலும் இறங்கும். இறங்க முடியாத இடத்தில் அந்தரத்தில் நின்று கயிறு விடும்.

பெரிய விமானம் பெரிய தளத்துக்குக் கொண்டு வரும். அங்கிருந்து சிறிய விமானமும் ஹெலிகாப்டரும் பிரித்து எடுத்துப் போகும். மொத்த வியாபாரியிடம் வந்த மூட்டை சில்லறைக் கடைக்குப் போவது போலத்தான்.

காலி டாங்கர் பறந்தது ஏன்?

2021-ம் ஆண்டு ஏப்ரல். கொரோனாவின் இரண்டாம் அலை. பாணேரில் கொரோனா நோயாளிகளுக்கென்று மாநகராட்சி 2020-ல் ஒரு தனி மருத்துவமனை திறந்திருந்தது. நகரம் முழுவதும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாலும் இரண்டே கேள்விகள். "படுக்கை இருக்கிறதா? ஆக்சிஜன் இருக்கிறதா?"

ஏப்ரல் 24-ந் தேதி காலை ஹிண்டனிலிருந்து கிளம்பிய சி–17 விமானம் லோகேகாவில் இறங்கியது. அதில் இரண்டு ஆக்சிஜன் டாங்கர் லாரிகள் ஏற்றப்பட்டன. அன்று பகலிலேயே அவை குஜராத்தின் ஜாம்நகரில் இறங்கின. பறந்து போன டாங்கர்கள் இரண்டும் காலி.

"மூச்சுக்குத் தவிக்கும் நேரத்தில் காலி டாங்கரையா விமானத்தில் ஏற்றுவார்கள்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். காரணம் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வரும் ஆக்சிஜன் திரவமாக வருகிறது. அதன் குளிர் மைனஸ் 183 டிகிரி. வெளிச்சூடு பட்டுக் கொண்டே இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும்; டாங்கருக்குள் அழுத்தம் ஏறும். அதை அவ்வப்போது வெளியே விட வேண்டும். மூடிய விமானத்துக்குள் ஆக்சிஜன் பரவினால் ஒரு சிறு பொறி போதும். ஆகையால் நிரப்பிய டாங்கரை ஆகாயத்தில் கொண்டு போவது ஆபத்து.

ஆக்சிஜன் தயாரிக்கும் ஆலைகள் ஜாம்நகரிலும், கிழக்கே ஜார்க்கண்ட், ஒரிசாவின் உருக்காலைகளிலும் இருந்தன. அங்கே சரக்கு இருந்தது. ஏற்றி வர டாங்கர் போதவில்லை. நிரப்பிய டாங்கர் வந்து இறக்கிவிட்டுத் திரும்பி ஆலைக்குப் போகவே இரண்டு மூன்று நாள் சாலையில் போயிற்று. காலி டாங்கரைப் பறக்க வைத்தால் அந்த நாட்கள் மிச்சம். நிரம்பியது சாலையிலும் ரயிலிலும் வந்தது.

தமிழ்நாட்டுக்கும் அப்படித்தான் வந்தது. மே 14-ந் தேதி துர்காப்பூரிலிருந்து 80 டன் ஆக்சிஜனுடன் முதல் ரயில் சென்னை தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, இங்கிலாந்திலிருந்து 450 சிலிண்டர்களை ஏற்றிக் கொண்டு விமானப்படை விமானம் ஒன்று சென்னையில் இறங்கியிருந்தது.

478 பெட்டிகள்

அதே ஆண்டு ஜனவரி 12-ந் தேதி நடந்தது புனே மறக்க முடியாத இன்னொரு சம்பவம்.

பொழுது விடியும் முன், மணி ஐந்துகூட ஆகவில்லை. மாஞ்சரியில் உள்ள சீரம் நிறுவனத்தின் வாசலில் பூசை போட்டு, மூன்று குளிர்சாதன லாரிகள் கிளம்பின. அவற்றில் 478 பெட்டிகள். ஒவ்வொன்றும் 32 கிலோ எடை. உள்ளே கொரோனா தடுப்பூசி மருந்து. போலீஸ் காவலுடன் லாரிகள் லோகேகாவ் வந்து சேர்ந்தன.

ஏன் அந்த நேரம்? ஓடுபாதையில் விமானப்படை பழுது பார்க்கும் வேலையைச் செய்து கொண்டிருந்தது. 2020 அக்டோபர் 26-ந் தேதி முதல் இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை பாதை மூடப்பட்டிருந்தது. காலை எட்டு மணிக்குப் பாதை திறந்ததும் முதல் விமானம் டெல்லிக்குக் கிளம்பியது. அன்றைக்கு ஒன்பது விமானங்களில் 56 லட்சத்து 50 ஆயிரம் டோஸ் மருந்து நாட்டின் 13 நகரங்களுக்குப் போயிற்று. சென்னையும் அதில் ஒன்று. தமிழ்நாட்டின் முதல் பங்காக 5 லட்சத்து 36 ஆயிரத்து 500 டோஸ் அன்றே சென்னையில் இறங்கியது.

சுமந்தவை தனியார் கம்பெனி விமானங்களும் ஏர் இந்தியாவும்தான். ஓடியது விமானப்படையின் பாதையில். நான்கு நாள் கழித்து, ஜனவரி 16-ந் தேதி, தமிழ்நாட்டின் ஆஸ்பத்திரிகளில் முதல் ஊசியைப் போட்டுக் கொண்ட செவிலியர்களும் சிப்பந்திகளும் லோகேகாவ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மருந்துப் புட்டி அந்தப் பாதை வழியாகத்தான் வந்தது.

அரக்கோணத்தைப் பாருங்கள்

சென்னையிலிருந்து மும்பை ரயிலில் ஏறிப் புனேக்கு வருகிறவர்கள் அரக்கோணத்தைக் கடந்துதான் வருகிறார்கள். தமிழ்நாட்டின் "லோகேகாவ்" அங்கே இருக்கிறது.

அது கடற்படையின் விமானத்தளம். பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் அதைத் தொடங்கி வைத்தார். ஓடுபாதையின் நீளம் சுமார் நான்கு கிலோமீட்டர். மீட்புப் படையின் 4-வது பட்டாலியனும் அரக்கோணத்தில்தான் இருக்கிறது.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு பெருமழையில் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் மூழ்கியது. விமானங்கள் தண்ணீரில் நின்றன. டிசம்பர் 6-ந் தேதி வரை அங்கே போக்குவரத்து சரியாகவில்லை. ஊருக்கு வர முடியாமல் புனேயிலும் மும்பையிலும் டெல்லியிலும் தவித்த தமிழர்கள் எத்தனையோ பேர். வீட்டுக்குப் போன் போட்டால் மணி அடிக்கவில்லை.

அப்போது கைகொடுத்தது அரக்கோணம். ராணுவத்தின் பெரிய சரக்கு விமானங்கள் மீட்புப் படையினருடன் அங்கே இறங்கின. பிறகு பயணி விமானங்களும் அங்கிருந்து கிளம்பின. சென்னையில் மாட்டிக் கொண்டவர்கள் சுமார் 70 கிலோமீட்டர் பஸ்ஸில் அரக்கோணம் போய், கடற்படைத் தளத்திலிருந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் விமானங்களுக்காக அமைத்த பாதையில், கைக்குழந்தையும் பெட்டியுமாக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

விமானத்தால் ஆகாதது

விமானத்தளம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு.

2014-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, புனே மாவட்டம் அம்பேகாவ் தாலுகாவில் மாளின் என்ற மலைக் கிராமத்தின் மேல் குன்று சரிந்து விழுந்தது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிராமம் புதைந்ததை வெளி உலகுக்கு முதலில் சொன்னவர், வழக்கம் போல் அந்தப் பாதையில் வண்டி ஓட்டி வந்த ஓர் அரசு பஸ் டிரைவர். ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை என்பதை அவர் கண்டார். மீட்புப் படையினர் சேறும் மழையுமான மலைப்பாதை வழியே போய்ச் சேர வேண்டியிருந்தது.

2021 ஜூலையில் மகாடு அருகே தளியே கிராமத்தில் மண் சரிந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அடைமழை உதவியைத் தாமதப்படுத்தியது. மேகம் தரை வரை இறங்கி நிற்கும்போது ஹெலிகாப்டர் மலைக்குள் நுழைய முடியாது.

நுழைந்தவர்கள் உயிரைக் கொடுத்ததும் உண்டு. 2013-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி, உத்தரகாண்ட் வெள்ளத்தில் மீட்புப் பணி செய்து கொண்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று கௌரிகுண்ட் அருகே விழுந்தது. அதில் இருந்த 20 பேரும் இறந்தனர். ஒன்பது பேர் மீட்புப் படையினர். மற்றவர்கள் விமானப்படையினரும் எல்லைக் காவல் படையினரும்.

ஆகையால் முதல் சில மணி நேரம் அக்கம்பக்கத்தாரின் கையில்தான் இருக்கிறது. கயிறும் ஏணியும் டார்ச் விளக்கும் வைத்திருக்கும் தெருவுக்கு, பின்னால் வரும் விமானத்தால் பலன் உண்டு.

நகரம் நெருங்கி வருகிறது

1939-ல் லோகேகாவைச் சுற்றி வயல்கள் இருந்தன. இப்போது விமான் நகர், தானோரி, வாகோலி என்று நாலா பக்கமும் வீடுகள். மதிலை ஒட்டிக் கட்டவும், உயரமாகக் கட்டவும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மனை வாங்குகிறவர்கள் அதை விசாரிக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு அலைவது உண்டு. மாதச் சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்த தொல்லை, குப்பை. குப்பை கொட்டும் இடத்தில் பருந்தும் காகமும் வட்டமிடும். கிளம்புகிற விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு பறவை போனால் போதும். சுகோயாக இருந்தாலும், மருந்து ஏற்றிய விமானமாக இருந்தாலும், சென்னைக்குப் போகும் விமானமாக இருந்தாலும் அபாயம் ஒன்றே. விமான நிலையத்தை அடுத்த பகுதிகளில் இறைச்சிக் கழிவும் குப்பையும் கொட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. காகம் வானத்தில் இருக்கிறது.

பயணிகள் கூட்டமும் பெருகிவிட்டது. 2021 அக்டோபரில் பழுது வேலைக்காக 14 நாட்கள் பாதையை முழுவதும் மூடியபோது நகரமே தவித்தது. தீபாவளிக்கு முந்திய நேரம் அது. ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்த தமிழர்கள் மும்பைக்குப் போய் விமானம் ஏறினார்கள்; இல்லாவிட்டால் ரயிலைத் தேடினார்கள்.

பயணிகளுக்கென்று தனி விமான நிலையத்தைப் புரந்தர் தாலுகாவில் அமைக்க வேண்டும் என்ற திட்டம் பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. அங்கே ஏழு கிராமங்களின் நிலம் தேவைப்படுகிறது. "எங்கள் நிலம் போனால் நாங்கள் எங்கே போவது?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். 2025-ம் ஆண்டு மே மாதம் நிலத்தை அளக்க வந்தபோது கிராமத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் கேள்வியும் நியாயமான கேள்விதான். ஒரு ஓடுபாதை எத்தனை பேருக்கு உதவினாலும், அது யாரோ ஒருவருடைய வயலின் மேல்தான் போடப்படுகிறது.

சத்தத்தின் கீழே

சத்தம் தொல்லைதான். தூங்கும் குழந்தை விழித்துக் கொள்ளும். சன்னல் கண்ணாடி அதிரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை காதைப் பொத்திக் கொள்ளும். வயதானவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். அதைப் பற்றிக் குறை சொல்ல ஜனங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் அந்தச் சத்தம் ஒன்றைச் சொல்கிறது. பாதை திறந்திருக்கிறது, விளக்குகள் எரிகின்றன, ஆட்கள் விழித்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. சுகோய் தினமும் பறப்பதால்தான் பாதையில் ஒரு கல்லும் கிடக்காமல் பெருக்கி வைக்கிறார்கள். பெருக்கி வைத்த பாதையில்தான், என்றோ ஒரு நாள், மழை கொட்டும் நடு இரவில், ரப்பர் படகுகளை ஏற்றிய விமானம் ஓட முடிகிறது.

அந்த விமானம் போகும் ஊர் சாங்கிலியாக இருக்கலாம், ஆமதாபாத்தாக இருக்கலாம். கடலூராகவோ, தூத்துக்குடியாகவோ, நம் பெற்றோர் இருக்கும் தெருவாகவோகூட இருக்கலாம்.

அடுத்த முறை பாணேர் குன்றின் மேல் வானம் அதிரும்போது, ஊரிலிருந்து வந்த விருந்தாளி திடுக்கிட்டு, "என்ன சத்தம் அது?" என்று கேட்டால், "சுகோய்" என்பதோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம். "நமக்கு ஊசி மருந்து வந்த பாதை அது" என்று.